மழைக்காலப் பயமும் சிறு பிள்ளைகளும்: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் பகுதிகளில் மாலை வகுப்புகளுக்கும் அங்கன்வாடிப் பெற்றோர் கூட்டங்களுக்கும் செல்லும்போது, ஐப்பசி பிறந்ததுமே ஒரே விதமான சந்தேகங்களைப் பலரும் கேட்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று புயலையும் வெள்ளத்தையும் வைத்தே இங்குள்ள தாய்மார்கள் பிள்ளைகளின் வயதைக் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை.

டீச்சர், வெள்ளம் வந்தப்ப எம் பொண்ணுக்கு ஒன்றரை வயசுதான். அவளுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போவுது?

கதையாகச் சொல்லும் அளவுக்கு நினைவு இருக்காது என்பது உண்மைதான். மூன்று வயதுக்கு முன் நடந்தவற்றைப் பெரியவர்களான பிறகு வரிசையாக எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஆனால் சொல்லத் தெரியாத நினைவு என்று ஒன்று உண்டு. தகரக் கூரையில் மழை விழும் ஓசை, திடீரென்று மின்சாரம் போகும் இருட்டு, சாக்கடை கலந்த தண்ணீரின் நாற்றம், 2023-இல் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த எண்ணெயின் நெடி ஆகியவற்றைக் குழந்தையின் உடல் ஆபத்தோடு சேர்த்துப் பதிந்து வைத்துக்கொள்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அந்தப் பூனைக்கு எந்தத் தேதியில் சுட்டது என்பது தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, குழந்தைக்கு நினைவில்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே சமயம், அந்த வயதில் வெள்ளத்தைக் கண்ட எல்லாக் குழந்தைகளும் பாதிக்கப்படுவதும் இல்லை. தூக்கிச் சுமந்த கை மாறாமல் கூடவே இருந்ததா என்பதுதான் கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை தண்ணீரின் உயரத்தைவிட முக்கியமானது.

நல்லா இருந்த புள்ள, திரும்பவும் படுக்கையில ஒண்ணுக்குப் போறான், என் முந்தானையை விடவே மாட்டேங்குறான். ரெண்டு போட்டாத் திருந்துவானா?

திருந்த மாட்டான், பயம்தான் கூடும். தாண்டி வந்த பருவத்துக்கு மீண்டும் திரும்புவது பேரிடருக்குப் பின் சிறு குழந்தைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. விட்டுவிட்ட விரல் சூப்பும் பழக்கம் மீண்டும் வருவது, மழலை திரும்புவது, தனியாகக் கழிப்பறைக்குச் செல்ல மறுப்பது, இரவில் அலறி எழுவது, சோறு ஊட்டச் சொல்வது, காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்பது எல்லாம் இதில் அடங்கும். அதுவரை வாங்கிய பாதுகாப்பு போதவில்லை என்பதைக் குழந்தை தனக்குத் தெரிந்த வழியில் தெரிவிக்கிறது.

மன அழுத்தத்துக்குப் பின் தொடங்கும் படுக்கை நனைத்தலுக்குக் குழந்தையைத் தண்டிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே கூறியுள்ளது. படுக்கும் முன் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, நனைந்தால் பேச்சின்றித் துணி மாற்றுவது, அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்காமல் இருப்பது ஆகியவை போதும். சில வாரங்கள் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வதால் குழந்தை கெட்டுப்போய்விடாது.

எத்தனை நாள்ல சரியாவும்? எப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவணும்?

முதல் சில வாரங்களில் காணப்படும் பயம் நோயல்ல. பெரும்பாலான குழந்தைகள், வீடும் சாப்பாடும் தூக்கமும் பழைய ஒழுங்குக்கு வர வர, தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் குறையாமல் இருந்தாலோ, அதற்கு முன்பே குழந்தை பேச்சை முற்றிலும் நிறுத்திவிட்டாலோ, சாப்பாட்டை மறுத்து எடை குறைந்தாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம். மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று குறிப்பிடும் மனவடுக் கோளாறுக்கு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் ஆறு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்கென்று தனி அளவுகோலையே வகுத்தது. சிறு குழந்தை தன் மனத்தில் ஓடுவதை வாயால் சொல்லாது என்பதால், அந்த அளவுகோல் நடத்தையையும் விளையாட்டையும் அதிகம் கணக்கில் கொள்கிறது.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் ஆகிய மூன்றும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. காப்பகம் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் உறவினர்களுக்காகக் குழந்தையைக் காக்க வைக்க வேண்டாம். நேரில் செல்லுமுன் பேசிப் பார்க்க விரும்பினால், டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

நீண்ட காலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது பஃபலோ கிரீக் கணக்கை. 1972 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அப்போது 2 வயது முதல் 15 வயது வரை இருந்த பிள்ளைகளில், தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் மனவடுக் கோளாறு இருந்திருக்கிறது. பதினேழு ஆண்டுகள் கழித்து, மீண்டும் சந்திக்க முடிந்தவர்களிடம் ஆராய்ந்தபோது அது 7 சதவீதமாகக் குறைந்திருந்தது. பெரும்பாலோர் மீண்டார்கள் என்பதும், பதினேழு ஆண்டுகள் ஆகியும் மீளாதவர்கள் இருந்தார்கள் என்பதும் இரண்டுமே உண்மை.

அதே தண்ணிதான் பக்கத்து வீட்டுலயும் பூந்துச்சு. அந்தப் புள்ள ஜாலியா இருக்கு. எம் புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளுள் மிகவும் முக்கியமானது இதுவே என்று கருதுகிறேன். ஒரே தெருவில் இருந்தாலும் இரு குழந்தைகள் ஒரே வெள்ளத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். ஒருத்தி மொட்டை மாடியில் அம்மாவின் மடியில் இருந்திருப்பாள். இன்னொருத்தி இருட்டில் அறிமுகமில்லாத ஒருவரின் தோளில் கழுத்தளவுத் தண்ணீரைக் கடந்து, அம்மாவை மறுநாள்தான் பார்த்திருப்பாள். பெற்றவரைப் பிரிந்திருந்த நேரம், உயிர் போய்விடும் என்று தோன்றிய கணம், கண்முன் நிகழ்ந்த சாவு, அதற்கு முன்பே பட்டிருந்த அடிகள், குழந்தையின் பிறவிக் குணம் ஆகிய எல்லாமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

ஆனால் இவை அனைத்தையும்விட அதிகம் பேசப்பட வேண்டியது, தண்ணீர் வடிந்த பின் வந்த மாதங்கள். 1983 பிப்ரவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் பரவிய பெரும் காட்டுத்தீக்குப் பிறகு, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளை அலெக்சாண்டர் மெக்ஃபார்லேன் என்னும் மனநல மருத்துவர் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்தார். பிள்ளை நெருப்பை எவ்வளவு நேரடியாகக் கண்டது என்பதைவிட, தாய் அந்த நிகழ்விலிருந்து மீள முடியாமல் தவித்தாரா, குடும்பத்தின் போக்கு மாறிப்போனதா என்பவையே பிள்ளையின் பாதிப்பை நன்றாக முன்னறிவித்தன. இதைக் கேட்டுத் தாயின்மேல் பழி போடுவோர் உண்டு. அப்படிச் செய்வது அநியாயம். இந்த ஆய்வு காட்டுவது, குழந்தைக்கு உதவ விரும்புகிறவர் முதலில் அதன் தாய்க்கு உதவ வேண்டும் என்பதையே. நிவாரணத் தொகை தாமதமாவதும், அடகு வைத்த நகை மூழ்குவதும், பாழான ரேஷன் கார்டுக்காக அலைவதும் குழந்தையின் மனநலத்தோடு தொடர்புடையவை என்று அதிகாரிகளிடம் சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள்.

மழை கொட்டுனா எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அதைப் புள்ளகிட்ட மறைக்கணுமா?

முழுதாக மறைக்க முடியாது; குழந்தைகள் முகத்தைப் படித்துவிடுவார்கள். "அம்மாவுக்கும் கொஞ்சம் பயமா இருக்கு, ஆனா என்ன பண்ணணும்னு அம்மாவுக்குத் தெரியும்" என்ற அளவில் சொல்வது நல்லது. பிள்ளை முன்னிலையில் "இந்தத் தடவை எல்லாரும் சாவப் போறோம்" என்று புலம்புவதையும், செல்போனில் பழைய வெள்ளக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதையும் தவிர்க்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது பழைய காட்சி என்பது விளங்காது. ஒவ்வொரு முறையும் வெள்ளம் புதிதாக வந்துவிட்டதாகவே அது எண்ணக்கூடும். உங்கள் படபடப்பு மழை நின்ற பிறகும் நீடித்தால், மேலே சொன்ன உதவி எண் உங்களுக்கும்தான்.

பொம்மையைத் தண்ணித் தொட்டியில போட்டு "முழுகிடுச்சு, முழுகிடுச்சு"ன்னே விளையாடுறா. பாக்கவே பயமா இருக்கு. நிறுத்திடவா?

உடனே நிறுத்த வேண்டாம். பெரியவர்கள் டீக்கடையில் நின்று வெள்ளக் கதையைப் பத்து பேரிடம் சொல்லி ஆறுதல் அடைவதைப்போல, சொல் போதாத வயதில் குழந்தை அதை விளையாடித் தீர்க்கிறது. அருகில் அமர்ந்து கவனியுங்கள். விளையாட்டு நகர்கிறதா என்பதுதான் கேள்வி. சில நாட்களில் பொம்மையைக் காப்பாற்ற ஒரு படகு வருகிறது, ஒரு போலீஸ்காரர் வருகிறார், பொம்மைக்குத் துணி மாற்றிச் சோறு ஊட்டுகிறாள் என்றால் மனம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

வாரக்கணக்கில் ஒரே காட்சி, ஒரே முடிவு, முகத்தில் மகிழ்ச்சியே இல்லை, விளையாடி முடித்ததும் முன்னைவிட அதிகக் கலக்கம் என்றிருந்தால் அது சிக்கிக்கொண்ட விளையாட்டு. "பொம்மையை யார் வந்து தூக்குவாங்க?" என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். அப்படியும் காட்சி மாறவில்லை என்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயறிவதில் அது பயனுள்ள தகவல்.

தண்ணியில ஷாக் அடிச்சு அவங்க தாத்தா போயிட்டாரு. "தாத்தா ஊருக்குப் போயிருக்காரு"ன்னு சொல்லிட்டோம். தெனமும் எப்ப வருவாருன்னு கேக்குறான்.

அன்பினால் சொன்ன பொய்தான், ஆனாலும் மாற்றிக்கொள்ள வேண்டும். இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் பெரும்பாலும் தெளிவாகப் புரிகிறது. அதற்கு முன் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் குழந்தை அதை அப்படியே நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது என்னைப் பிடிக்காமல் போய்விட்டார் என்று நினைக்கும். "தூங்குகிறார்" என்று சொல்லிவிட்டால் தூக்கத்துக்கே பயப்படும்.

"தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது, அவரால திரும்ப வர முடியாது. நீ எதுவும் பண்ணதால இல்ல" என்று குறுகிய சொற்களில் சொல்லுங்கள். கடைசி வாக்கியம் அவசியம். தான் அடம் பிடித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று எண்ணும் குழந்தைகள் அதிகம். அதே கேள்வியை அவன் மறுநாளும் கேட்பான். அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். படத்துக்கு மாலை போடும்போதும் திவசத்தின்போதும் அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

பள்ளிவாசல்ல ஓதி ஊதிட்டு வந்தோம், கயிறும் கட்டினோம். தப்பா டீச்சர்?

தப்பில்லை. அந்தி நேரத்தில் எல்லா மதத்துத் தாய்மார்களும் குழந்தையோடு வரிசையில் நிற்கும் வழக்கம் நம் பகுதிக்குப் புதியதல்ல. குழந்தைக்காகக் குடும்பமே கவலைப்படுகிறது என்பதே ஓர் ஆறுதல். சூடு வைப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, "பேய் பிடிச்சிருக்கு" என்று குழந்தை காதுபடப் பேசுவது ஆகியவை மட்டும் கூடவே கூடாது. கயிறு கட்டிய பிறகும் ஒரு மாதக் கணக்கு முன்பு சொன்னதுதான்.

கிளாஸ்ல ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறான்னு மிஸ் சொல்றாங்க. வெள்ளம் வந்து ரெண்டு வருசம் ஆச்சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விழிப்பாக இருக்கும் குழந்தைக்கும், இயல்பிலேயே கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள குழந்தைக்கும் வகுப்பறையில் வெளித் தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். இருவரும் சன்னல் பக்கமே பார்ப்பார்கள். இருவருக்கும் கரும்பலகையில் கண் நிற்காது. எனவே சில தகவல்களைக் குறித்துவைத்து மருத்துவரிடம் தர வேண்டும். இந்த நடத்தை வெள்ளத்துக்கு முன்பே இருந்ததா? மேகம் இருட்டும் நாட்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் கூடுகிறதா? இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான்? தூக்கம் கெட்ட பிள்ளை வகுப்பில் உட்காராது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. பல இடங்களில் மாநகராட்சிப் பள்ளியேதான் நிவாரண முகாமாகவும் இருந்தது. பாய் விரித்து அழுதுகொண்டே படுத்திருந்த அதே அறையில் குழந்தை அடுத்த மாதம் அகரம் எழுத வேண்டியிருக்கிறது. இருக்கையைக் கதவோரமாக மாற்றித் தருவது, மழை பெய்தால் அம்மா எத்தனை மணிக்கு வருவார் என்பதைக் காலையிலேயே சொல்லிவைப்பது போன்ற சிறு ஏற்பாடுகளுக்குச் செலவே இல்லை.

அந்த வெள்ளத்தப்ப நான் ஆறு மாசம் முழுகாம இருந்தேன். வயித்துல இருந்த புள்ளைக்கும் பாதிப்பு வருமா?

இதைக் குறித்து நெடுங்காலமாக நடந்துவரும் ஓர் ஆய்வு உள்ளது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிப்புயல் அடித்து, சில வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் போனது. அப்போது கருவுற்றிருந்த தாய்மார்களின் பிள்ளைகளை மாண்ட்ரியலைச் சேர்ந்த ஆய்வாளர் சூசன் கிங்கின் குழு தொடர்ந்து கவனித்துவருகிறது. அதிக இடர்ப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகள் மொழித் திறனிலும் அறிவுத்திறன் சோதனைகளிலும் சராசரியாகச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள்.

சராசரி என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் அப்படி ஆகும் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால் "தானா வரும்" என்று காத்திருக்காமல் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விரைவில் காட்டுங்கள். நாள்தோறும் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள்.

வெள்ளத்துல ஆட்டோ போனதுலேருந்து இவரு தெனமும் குடிச்சிட்டு வந்து கத்துறாரு. புள்ள நடுங்குது. மழையால நடுங்குதா, இவரால நடுங்குதா?

இரண்டாலும் இருக்கலாம், ஒன்றோடொன்று சேரும்போது பாதிப்பு பெருகுகிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், அலை, போர், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை ஆகிய மூன்றுமே மனவடுவுக்குக் காரணமாக இருந்தன. தந்தையின் குடி வீட்டு வன்முறையோடு சேர்ந்தே காணப்பட்டது. அலை ஒருநாள் வந்து போனது. வீட்டு வன்முறை நாள்தோறும் நடப்பது.

தொழிலை இழந்தவரின் துயரமும் உண்மையானதே, குடிநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அவர் திருந்தும்வரை குழந்தையின் பாதுகாப்பு காத்திருக்க முடியாது. அடி விழும் வீடென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், உங்களுக்காக 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழைக்கத் தயங்க வேண்டாம்.

பயம் போறதுக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்கா?

சிறு குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மருந்தோ, தூக்கம் வருமென்று சளி மருந்தோ கொடுப்பது ஆபத்தானது. பேரிடருக்குப் பிந்தைய பதற்றத்துக்குக் குழந்தைகளுக்குத் தூக்க மாத்திரை வகைகளைத் தரக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெற்றவரையும் உடன் வைத்துக்கொண்டு, விளையாட்டு, படம் வரைதல், படிப்படியாகப் பயத்தை நெருங்கப் பழக்குதல் வழியாக நடத்தப்படும் உளவியல் சிகிச்சைகள் மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் பயன்படுகின்றன.

தண்ணி வராத எடத்துல வீடு குடுக்குறோம், மாறிப் போங்கன்றாங்க. போனாப் புள்ளைக்கு பயம் போயிடுமா?

தண்ணீர்ப் பயம் குறையலாம். ஆனால் 2015-க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டபோது கண்டதுபோல, நகரின் மறுகோடிக்குப் போவது குழந்தைக்கு இன்னோர் இழப்பு. பாட்டி, பழகிய அங்கன்வாடி, கூட விளையாடிய பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. வேலைக்காகத் தாய் பழைய இடத்துக்கே தினமும் பேருந்தில் வந்து போனால், அவர் வீட்டில் இருக்கும் நேரமும் சுருங்குகிறது. மாறுவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. மாறினால், கல்வியாண்டு முடிந்தபின் மாறுவது, பள்ளிச் சேர்க்கையை முன்பே உறுதி செய்வது, முன்கூட்டியே ஒருமுறை குழந்தையை அழைத்துச் சென்று புது வீட்டைக் காட்டுவது, பழைய பாய் தலையணையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோவது ஆகியவை உதவும்.

வருசா வருசம் தண்ணி வருது. "இனிமே வராது, பயப்படாதே"ன்னு புள்ளகிட்ட எப்படிச் சொல்றது?

சொல்லக் கூடாது. அடுத்த மழையில் அந்தச் சொல் பொய்த்துப்போகும். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது. ஓட்டேரி நல்லா ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் எல்லாம் நிரம்பிய நிலையில் கடலிலும் ஏற்றமாக இருந்தால், வெளியேற வேண்டிய தண்ணீர் தெருவுக்குள்தான் நிற்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்பட்டது என்றாலே என்ன பொருள் என்பது இங்குள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பேரிடருக்குப் பிந்தைய பாதிப்பு பற்றிய பல அறிவுரைகள், பேரிடர் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நம் பிள்ளைகளின் பயத்தில் ஒரு பகுதி சரியான அறிவு. அதை நோய் என்று அழைப்பது நேர்மையாகாது.

எனவே தண்ணீரைப் பற்றி வாக்குக் கொடுக்காமல், பெரியவர்கள் செய்யப்போவதைப் பற்றி வாக்குக் கொடுங்கள். "தண்ணி வாசப்படிக்கு வர்றதுக்கு முன்னாடியே நாம மாடி வீட்டு அத்தை வீட்டுக்குப் போயிடுவோம். நான் உன் கையை விடமாட்டேன்" என்பது நிறைவேற்றக்கூடிய வாக்கு. வெயிலடிக்கும் ஒரு நாளில் அதை விளையாட்டாக ஒத்திகை பாருங்கள். குழந்தைக்கென ஒரு சிறு பை, அதில் ஒரு டார்ச், பிஸ்கட், பிடித்த பொம்மை, மாற்றுத் துணி இருக்கட்டும். அதைப் பத்திரமாக வைப்பது அதன் பொறுப்பு. உங்கள் செல்போன் எண்ணைப் பாட்டாக மனப்பாடம் செய்ய வையுங்கள். செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிந்த குழந்தையின் பயம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் குழந்தையின் பயத்தைவிட எளிதில் அடங்குகிறது. கால்வாயைத் தூர்வாரும் வேலைக்கு எந்த மனநல ஆலோசனையும் மாற்றாகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுனாமி வந்தப்ப எனக்கு நாலு வயசு, காசிமேடு. இப்ப எனக்கே ஒரு பொண்ணு இருக்கா. அவளைக் கடக்கரைப் பக்கமே விடமாட்டேன். என் பயம் அவளுக்கும் போயிடுமா?

2004 டிசம்பர் 26 காலையில் கைக்குழந்தைகளாகவும் சிறுவர் சிறுமியராகவும் இருந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பயம் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. அலை ஓசை கேட்டதும் உங்கள் கை அவள் கையை இறுக்குவதிலிருந்தே அவள் கற்றுக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கேட்ட கேள்வியில் சொன்னது இங்கும் பொருந்தும். உங்கள் பயத்தைக் கவனிப்பதே அவளுக்குச் செய்யும் முதல் உதவி.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் சிகிச்சை பயன் தரும். தனியே முயல்வதானால், நம்பிக்கையான ஒருவருடன் பகல் வெளிச்சத்தில் கடலைத் தொலைவிலிருந்து பார்ப்பதில் தொடங்கி, படபடப்பு தணியும்வரை அங்கேயே நின்று, அடுத்தடுத்த வாரங்களில் சற்று நெருங்கலாம். மகளை முதல் நாளிலேயே அழைத்துச் செல்ல வேண்டாம். கெட்ட கனவுகள், மூச்சடைப்பு, டிசம்பர் வந்தாலே தூக்கமின்மை ஆகியவை இருந்தால் தனியே முயலாமல் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே செல்லுங்கள். நான்கு வயதில் நடந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.